போன் இல்லாத வீட்டுக்கு

மோர்டன்
03.03.2024

அன்புத் தங்கச்சி சுவர்ணாவுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் பிரித்தபோது குசினியில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மகள் பிரசாந்தினி, யன்னல் பூட்டுத் திருத்த வந்த கவுன்சில் ஆள். ஆக நாலு பேர். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, ஏதும் கெட்ட செய்தியோ என்று அந்த ஆள் கேட்டார். இல்லை, என் தங்கச்சி கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரித்தார்.

பதினேழு நாளாக உன் போன் வேலை செய்யவில்லை. இப்போதுதான் காரணம் விளங்குகிறது. போனை வைத்து மேலே இருந்து ஆளைக் கண்டுபிடித்து அடிக்கிறார்கள், அதனால் வீட்டில் ஒருவரும் கைப்போன் வைத்திருக்கக் கூடாது என்று உன் மடத்தின், அந்த வீட்டுக்கார அம்மாவின், மகன் சொல்லி, உன்னுடையதையும் வாங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அந்த மகன் யார்? செய்தியில் ஹிஸ்புல்லா என்று சொல்கிறார்களே, அந்தச் சீயா இயக்கத்தில் இருக்கிறாரா? ஆறு வருடமாக அங்கே வேலை செய்கிறாய். ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒருவரையும் விடாமல் எழுது. உன் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுது. எல்லைப் பக்கம் அடி விழுகிறது என்று ஒவ்வொரு நாளும் காட்டுகிறார்கள். நீ அங்கே நிற்கத் தேவையில்லை. ஊருக்குப் போ. கிளிநொச்சி வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது.

எனக்கு வலது முழங்கால் நோவு. சீனி வருத்தம் மட்டாக இருக்கிறது. அத்தானுக்கு இரவு ஷிப்ட் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
நகுலேஸ்வரி


தெற்கு லெபனான்
07.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? முழங்காலுக்கு எண்ணெய் பூசிச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்கோ. நான் சுகம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வான் வண்டியில் பெய்ரூட் கோவிலுக்குப் போகிறேன். மாதா கோவில்தான், ஆனால் இலங்கைப் பெண்கள் கூடுகிற இடம் அதுதான். அங்கே அருள்நாயகி என்று பதுளைப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு நிற்கிறாள். இனி அவளின் விலாசத்துக்கே போடுங்கோ.

வீட்டில் நாலு பேர். மடம், ஒரு பக்கம் இழுத்துவிட்டது, தூக்கித்தான் இருத்த வேண்டும். மகன் ஜவாத். அவரின் மனைவி ரீமா. பிறகு நான். ஜவாத் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் நிற்பார். ஓம், நீங்கள் நினைத்ததுதான். இங்கே அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை, கட்சி என்றுதான் சொல்வார்கள். எனக்கு வாயில் வருவது இயக்கம்.

மூத்த மகன் சிரியாச் சண்டையில் அலெப்போ பக்கம் செத்தவர். படம் எங்கள் ஒழுங்கை முகப்பில் விளக்குக் கம்பத்தில் தொங்குகிறது. வேறு நாட்டில் ஏன் போய்ச் சண்டை பிடித்தவர் என்று ஒருக்கா மடத்திடம் கேட்டேன். 'எங்கட புனித இடத்தை இடிக்க வந்தாங்கள், காக்கப் போனவன்' என்றா. இப்போது நடப்பது காசாவுக்காகவாம். மடத்தின் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்சிதான் பொறுப்பு. மாதம் தவறாமல் ஒருவர் வந்து சுகம் விசாரித்துப் போவார்.

காலையில் பத்து ரொட்டி சுடுவேன். வீட்டுக்குக் காணும். தோட்டத்தில் புகையிலை நடுகிறார்கள், எங்கள் பக்கத்து வாசம்தான்.

பாஸ்போர்ட் மடத்தின் கழுத்துப் பையில் இருக்கிறது.

அன்புடன்
சுவர்ணா


மோர்டன்
12.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வர இருபத்துமூன்று நாள். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். போன் கணக்கு, அர்ச்சனைக் கணக்கு, உன் கடிதக் கணக்கு எல்லாம் ஒரே கொப்பிதான்.

போன செவ்வாய் டிராம் எடுத்துக் குரோய்டனுக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். தங்கச்சியை இங்கே எடுக்க வழியில்லையாம். 'அக்கா, அம்மா அப்பாவையே எடுக்க ஏலாமல் இருக்கு, நீங்கள் சகோதரத்தைக் கேக்கிறியள்' என்றார். தமிழ்ப் பிள்ளைதான். மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது ஒரு தரிப்புத் தள்ளி இறங்கிவிட்டேன்.

ஆகவே வேறு வழி. பெய்ரூட்டில் எங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போன் எடுத்தேன். நீ நேரில் போய்ப் பெயர் கொடுத்தால் ஊருக்கு அனுப்புவார்களாம். மடத்திடம் பாஸ்போர்ட்டைக் கேள். அக்காவுக்கு ஒப்பரேஷன், பார்க்கப் போகவேணும் என்று சொல். பொய்தான். அந்தப் பாவம் எனக்கு வரட்டும்.

அடுத்த ஞாயிறு நீ கோவிலுக்குப் போகும்போது உன் சாமானோடு போ. திரும்பி வராதே. நான் சொல்வதைக் கேள்.

அக்கா


தெற்கு லெபனான்
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மாதம் எழுதவில்லை, வான் ஓடவில்லை. வானத்தில் நாள் முழுக்க ஆளில்லா விமானத்தின் வண்டுச் சத்தம். அதுவும் பழகிவிட்டது. எங்களுக்குப் பழக எவ்வளவு நேரம்.

பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. மடத்துக்கு முதுகில் புண் வந்து இப்போதுதான் காய்கிறது. நான் ஒரு நாள் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் திரும்பவும் வெடித்துவிடும். ரீமாவுக்கு அது ஏலாது, மணம் பொறுக்காமல் ஓடிவிடுவாள்.

இங்கே முகர்ரம் நடந்தது. பத்து நாளும் ஊர்ப் பெண்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் கறுப்பு உடுத்துக்கொண்டு கூடினார்கள். ஒரு அம்மா கதை சொல்லுவா, மற்றவர்கள் நெஞ்சில் அடித்து அழுவார்கள். ஆயிரத்துச் சொச்ச வருடத்துக்கு முந்திய சண்டை, நேற்று நடந்தது போல. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஒரு கைக்குழந்தையின் கதை. ஆறு மாதமாம். தண்ணி இல்லையாம். தகப்பன் தூக்கிக் காட்டித் தண்ணி கேட்டாராம், அம்பு வந்ததாம். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். தட்டை ஆர் வாங்கினார்கள் என்று தெரியாது. எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லையாம். மடம் நல்ல கையால் என் கன்னத்தைத் துடைத்து, 'செத்தது உன்ரை ஆர்?' என்று கேட்டா. நான் தட்டைத் தேடிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

வேலை கூடிவிட்டது. காலையில் முப்பத்திரண்டு ரொட்டி. கை எரிகிறது. பிரசாந்தினியின் சோதனை முடிந்ததா? சித்தி கேட்டதாகச் சொல்லுங்கோ.

சுவர்ணா


மோர்டன்
11.08.2024

சுவர்ணா,

சுகம் விசாரித்து எழுத எனக்கு மனம் ஓடவில்லை. நேரே கேட்கிறேன்.

சித்திரையில் நாலு பேருக்குப் பத்து ரொட்டி என்று எழுதினாய். ஆடியில் முப்பத்திரண்டு. இருபத்திரண்டு ரொட்டியை யார் சாப்பிடுகிறார்கள்? அத்தான் பகிடி விடுகிறார், 'உன்ரை தங்கச்சி பேக்கரி போட்டிட்டாளோ' என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவைப் பார்த்து ஆளை எண்ணத் தெரியாதவளா நான்? அந்த வீட்டில் புதிதாக ஒன்பது பேராவது இருக்கிறார்கள். நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். எழுதாமல் விட்டால் அது ஆர் என்று எனக்கு விளங்கும்.

இயக்கக்காரர் இருக்கிற வீட்டுக்குத்தான் அடி விழும். பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்து ஒருவரும் விலக்கிவிட மாட்டார்கள். இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

மடத்தைப் பார்க்க மருமகள் இருக்கிறாள். புண் மணக்கிறது என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கட்டும். ஆவணி முடிய முதல் வெளிக்கிடு. பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் தூதரகத்தில் கடிதம் தருவார்களாம், கேட்டுவிட்டேன். வெளிக்கிடு என்றால் வெளிக்கிடு.

அக்கா


மோர்டன்
19.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

முப்பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. அருள்நாயகிக்குப் போன் எடுத்தேன், இரண்டு மாதமாக நீ கோவிலுக்கு வரவில்லை என்றாள். நான் கோபமாக எழுதியதால்தான் எழுதாமல் இருக்கிறாயோ? அப்படியென்றால் கோபத்தை ஒற்றைத் தாளில் எழுதி அனுப்பு, அதுவும் பதில்தானே.

இரண்டு நாளாகச் செய்தியில், போனுக்குப் பதிலாக அந்த இயக்கக்காரர் வைத்திருந்த பேஜர்கள் வெடித்ததையே காட்டுகிறார்கள். மரக்கறிக் கடையில் ஒருவர் விழுவதைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நான் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன், பிறகும் பார்க்கிறேன்.

இன்று தவராசாவின் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் தவராசாவும் சாமான் வாங்க வந்த றமணனும் வாக்குவாதம்.

'இனி அவங்களுக்குக் கதை முடிஞ்சுது' என்றார் தவராசா.

'உங்களுக்கென்ன தெரியும் அண்ணை, அவங்கள் விடமாட்டாங்கள். பொறுத்திருந்து பாருங்கோ, திருப்பி அடிப்பாங்கள்.'

'நீ ஹீற்றரைப் போட்டிட்டு இருந்து சொல்லு. அங்க நிக்கிற சனமெல்லோ பொறுக்கவேணும்.'

'சனமும் நிக்கும் அண்ணை. நிண்டால்தான் வெல்லலாம்.'

றமணன் கெட்ட பிள்ளை இல்லை. கோவில் தேருக்கு வடம் பிடிக்கிற பிள்ளை. நான் காசைக் கொடுத்துவிட்டுச் சாமானை எடுக்காமல் வந்துவிட்டேன். பிறகு தவராசா வீட்டுக்குக் கொண்டுவந்து தந்து, 'என்னக்கா, சுகமில்லையோ?' என்றார்.

சுகமில்லைத்தான். எழுது.

அக்கா


தெற்கு லெபனான்
20.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஆவணிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. புகையிலைக்காரர் பெய்ரூட்டுக்குப் போய் வந்தார், அவரிடம் அருள்நாயகி கொடுத்துவிட்டிருக்கிறாள். இதையும் அவரிடம்தான் கொடுக்கிறேன்.

கணக்கில் நீங்கள் பிழை விடவில்லை. ஒன்பது பேர்தான். ஆனால் நீங்கள் நினைத்த ஆட்கள் இல்லை. மடத்தின் தங்கச்சி, அவரின் புருஷன், இரண்டு மகள்மார், ஐந்து பிள்ளைகள். எல்லைக் கிராமத்தில் வீடு உடைந்து வைகாசியில் வந்தவர்கள். கீழ்த்தட்டில் இருக்கிறார்கள். சொன்னால் பயப்படுவீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததற்குத்தான் கூடப் பயந்துவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஜவாத் வீட்டில் நின்றார். பேஜர் சத்தம் போட்டது, எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். இரண்டு கண்ணும் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் இல்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லை, நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டு மாற்றுவது நான்தான். பங்கருக்குள் பழகிய வேலை, கை மறக்கவில்லை. அவருக்கு இருபத்தாறு வயது. 'முகம் பாக்காமல் ஆரையெல்லாம் அடிச்சன் எண்டு இனி இருந்து யோசிச்சுப் பாக்கலாம்' என்று ரீமாவிடம் சொன்னார். பகிடியா உண்மையா என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

வெளிக்கிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, ஒருக்கா நீங்கள் சொன்னதைக் கேட்டேன். இந்த முறை எப்போது போவது என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் முழங்கால் எப்படி?

சுவர்ணா


மோர்டன்
03.10.2024

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் முந்தநாள் வந்தது. அதற்கு முதலே, போன மாதம் இருபத்துமூன்றாம் தேதி, நீ இருக்கும் பக்கம் முழுவதும் அடித்த செய்தி வந்துவிட்டது. நீ இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். அருள்நாயகியின் போனில் ஆளில்லை. அவள் விலாசத்துக்கே போடுகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரி இருக்கிறது. ஒருக்கா நான் சொன்னதைக் கேட்டாய் என்று. பதினைந்து வருடமாக நீ அதைச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. இனி எனக்கு ஏலாது.

2009, மாசி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. வன்னியில் இருந்து நாலு நிமிஷம் கதைத்தாய். அதற்கு முந்திய சனிக்கிழமைதான் லண்டனில் பெரிய ஊர்வலம். கொடியோடு முழுத் தூரமும் நடந்து, கால் வீங்கி, பெருமையாக இருந்தேன். நீ கேட்டாய், 'அக்கா, சனம் ஆமிப் பக்கம் போகுது, பிள்ளையைக் கொண்டு நானும் போகட்டோ?' என்று. நான் சொன்னேன், 'உனக்கென்ன விசரோ? இயக்கம் விடாது, திருப்பி அடிக்கும். நாங்கள் இஞ்ச நிக்கிறம். கப்பல் வரும். நீ நில்.'

நீ நின்றாய். உன் புருஷன் முந்திய வருடமே செல் விழுந்து செத்தவர், உனக்குக் கேட்க வேறு ஆளில்லை, என்னைக் கேட்டாய். அறுபத்தாறாம் நாள் உன் பிள்ளை மிதுலன் போனான். நாலு வயது. பால்மா வரிசையில் நிற்க விழுந்த செல்.

இந்த அறையில் ஹீற்றர் போட்டிருந்தது. இதே கதிரை. என் கொப்பியில் அந்த நாலு நிமிஷத்தின் போன் காட் எழுதி இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவில்லை. பிள்ளையாருக்கு முன்னால்கூட அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நில் என்று சொன்னவள்தான் இன்றைக்கு வெளிக்கிடு என்று சொல்கிறேன். இரண்டு தரமும் இங்கே இருந்துகொண்டுதான் சொன்னேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது உனக்கு இன்னொரு வேலை. எழுதவில்லை. உயிரோடு இரு.

நகுலேஸ்வரி


பெய்ரூட்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் பிரசாந்தினியும் சுகமா? நான் சுகம். இருக்கிறேன். அருள்நாயகி 'சேஃப்' என்று உங்களுக்கு ஒரு சொல் அனுப்பியதாகச் சொன்னாள். தன் போனில் கதைக்கச் சொல்லித் தந்தாள். நான் வாங்கவில்லை. கடிதம் என்றால் ஆறுதலாக எழுதலாம்.

உங்கள் கடிதம் கைக்குக் கிடைத்தது. வாசித்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். காலை, வெளிநாட்டோடு கதைக்க ஏலாத வீட்டுப் பழைய லைன் போன் அடித்தது. எழும்பிப் போகச் சொல்லி ஒரு பதிவுக் குரல். அதற்குள் மலைப்பக்கம் விழத் தொடங்கிவிட்டது. எல்லோரும் ஜவாத்தைப் பார்த்தார்கள். கண்ணில் கட்டோடு கதிரையில் இருந்தார்.

'அது வெருட்டுற வேலை. கட்சி இன்னும் சொல்லேல்லை. சொல்லும் மட்டும் பொறுங்கோ' என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. ஐந்து பிள்ளைகளும் சுவரோடு நின்றார்கள். கடைசிப் பிள்ளை ஒரு சப்பாத்து மட்டும் போட்டிருந்தான்.

நான் அறைக்குள் போய் மடத்தைத் தோளில் தூக்கினேன். பாரம் எனக்குத் தெரிந்ததுதானே. படியால் இறங்கி, மடத்தின் தங்கச்சி புருஷனின் பிக்கப்பில் மெத்தையைப் போட்டுக் கிடத்தினேன். அவர் பின்னால் ஓடி வந்து, 'என்ன செய்யிறாய், இறக்கு' என்றார்.

'இறக்கமாட்டன். பொறுக்கிறவை பொறுங்கோ. நான் ஒருக்காப் பொறுத்துப் பாத்தனான்.'

பாதி அரபு, பாதி தமிழ். என்ன விளங்கியதோ தெரியாது. மடம் பிக்கப்பில் இருந்துகொண்டு, தெளிவாகப் பேச ஏலாத வாயால், மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. தாய் ஏறிய பிறகு மற்றவர்கள் எப்படி நிற்பது? பிள்ளைகள் ஏறினார்கள். ஜவாத் கடைசியாக, ரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார்.

இரண்டு மணித்தியாலப் பாதைக்குப் பதினாறு மணித்தியாலம். பதின்மூன்று பேரும் வந்து சேர்ந்தோம். மூன்றாம் நாள் வீட்டுப் படம் ஒன்று ஆரோ கொண்டுவந்து காட்டினார்கள். படிக்கட்டு மட்டும் நிற்கிறது. ஜவாத் என்ன தெரிகிறது என்று கேட்டார். ரீமா சொல்லவில்லை. நான் சொன்னேன். 'புகையிலை?' என்று கேட்டார். எரிந்துவிட்டது என்றேன்.

அவர்கள் உறவினர் வீட்டில் இரண்டு அறையில் இருக்கிறார்கள். நான் கோவில் மண்டபத்தில். காலையில் போய் மடத்தைக் கழுவி, திருப்பிப் படுக்கவைத்து வருவேன். போன கிழமை, நான் கேட்காமலே கழுத்துப் பையைக் கழற்றி என் மடியில் வைத்தா. பாஸ்போர்ட் வியர்வையில் ஊறி மட்டை பிரிந்திருக்கிறது, படம் நல்லாக இருக்கிறது. தூதரகத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். தை நடுப்பகுதியில் கொழும்புக்கு அனுப்புவார்களாம்.

பிரசாந்தினிக்கு என் அன்பு.

சுவர்ணா


மோர்டன்
01.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சண்டை நிறுத்தம் என்று புதன்கிழமை சொன்னார்கள். சனம் மெத்தையைக் காரில் கட்டிக்கொண்டு தெற்குக்குத் திரும்பிப் போவதைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிக்கப்பையும் உற்றுப் பார்த்தேன். நீ அதில் இருக்கமாட்டாய் என்று தெரிந்தும் பார்த்தேன். நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்தேன். நீ மடத்தைத் தோளில் தூக்கிய இடத்தில், 'நிப்பாட்டு, கொஞ்சம் பொறு' என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

நான் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். ஒன்றைப் பற்றி மட்டும், வாசித்தேன் என்று ஒரு சொல். அது போதும். அதற்கு மேல் நீ எழுதவும் வேண்டாம், நான் எதிர்பார்க்கவும் இல்லை. மடத்தோடு நிற்பதா, ஊருக்குப் போவதா என்றும் நான் இனிச் சொல்லமாட்டேன். இது வரை சொன்னது காணும்.

ஒரே ஒரு கேள்வி. நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது 1999இல். நீ ஊருக்குப் போவதென்றால், கொழும்பு விமான நிலையத்துக்கு நான் வந்து நிற்கலாமா? 'கேக்காமல் ரிக்கற்றைப் போடு, கண்டால் அழுதிட்டுக் கட்டிப்பிடிப்பாள்' என்கிறார் அத்தான். நான் போடவில்லை. நீ வா என்றால் வருவேன். வேண்டாம் என்றால் இங்கே இருப்பேன், கோபம் இல்லை.

ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுது. இந்த மாதம் முடிய முதல் பதில் வேணும்.

அக்கா
நகுலேஸ்வரி